அச்சான அறிக்கை இருக்கும்போது களக்குறிப்பேடும் நெகட்டிவும் எதற்கு?

கேள்வி – 3 பிப்ரவரி 2023, காலை 10.20

எங்கள் ஊருக்கு அருகில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் அகழாய்வின் காகிதப் பெட்டிகள் பழைய கட்டடம் ஒன்றில் கிடக்கின்றன. கிடைத்த பொருள்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன; ஆய்வு முடிவும் அச்சில் வந்துவிட்டது. கறையான் அரித்த குறிப்பேடுகளையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன நெகட்டிவ்களையும் இன்னும் கட்டிக் காப்பதால் யாருக்கு என்ன பயன்? ஸ்கேன் செய்துகொண்டு இடத்தைக் காலி செய்வதே முறை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி 2023, இரவு 9.15

மறுக்கிறேன். ஓர் இடத்தைத் தோண்டிப் பார்ப்பதற்கு அந்த இடத்தை அழிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மேலடுக்கை அகற்றினால்தான் கீழடுக்கு தெரியும். அகற்றிய மேலடுக்கைத் திரும்ப வைக்க முடியாது. எனவே குழி மூடப்பட்ட பிறகு அந்த மண்ணுக்குப் பதிலாக நம்மிடம் மிஞ்சுவது அன்றாடம் எழுதிய குறிப்பேடும், குழிச்சுவர்களின் வரைபடமும், புகைப்படமும் மட்டுமே. அச்சான அறிக்கை அவற்றைப் படித்த ஒருவர், தாம் படித்த காலத்தில், தமக்குத் தோன்றியதை எழுதியது. அது ஒரு வாசிப்பு. மூலத்தை எறிந்துவிட்டு வாசிப்பை மட்டும் வைத்துக்கொள்வதை எந்தச் சுவடி நூலகமும் ஒப்புக்கொள்ளாது. ஏட்டைப் பதிப்பித்துவிட்டோம் என்பதற்காக ஏட்டை எரித்தவர் யார்?

4 பிப்ரவரி 2023, காலை 6.50

நேற்று பொதுவாகச் சொன்னதற்கு ஒரு சான்று தருகிறேன். கிருஷ்ணா நதிக்கரையின் அமராவதி பௌத்த ஸ்தூபத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி காகிதத்திலிருந்து வந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி 1798-இல் முதன்முறையாக அங்கே போனபோது, வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தாரின் ஆட்கள் கட்டடக் கல்லுக்காக அந்த மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கன்சி இந்தியாவின் தலைமை நில அளவையாளராகி, 1816-இல் ஓவியர்களுடன் திரும்பி வந்து பார்த்தபோது மேட்டின் நடுப்பகுதி குளமாக வெட்டப்பட்டிருந்தது. எஞ்சிய கற்களை அவருடைய ஆட்கள் ஒவ்வொன்றாக அளந்து வரைந்தார்கள். அந்த ஓவியத் தொகுதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் வரைந்துள்ள சில கற்பலகைகள் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. சுண்ணாம்புக்காக எரிக்கப்பட்டனவோ, யாருடைய வீட்டுப் படியாகக் கிடக்கின்றனவோ, அவற்றைப் பொறுத்தவரை சிற்பம் என்று நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்த ஓவியம்தான்.

1845-இல் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் தோண்டினார். எடுத்த சிற்பங்கள் சென்னைக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. விரிவான அகழாய்வு அறிக்கை எதையும் எலியட் வெளியிடவில்லை. எந்தக் கல் எந்தப் பக்கத்திலிருந்து, எதன் அருகிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கல்லின் வடிவத்தையும் உடைப்பையும் வைத்துக் கணக்கிட வேண்டியதாயிற்று. மெக்கன்சி எடுத்துச் சென்றது குறைவு, எழுதி வைத்தது மிகுதி. எலியட் எடுத்தது மிகுதி, எழுதி வைத்தது குறைவு. ஸ்தூபத்தின் அமைப்பை மீட்டெடுக்க முயல்பவர்கள் முதலில் எவரிடம் போகிறார்கள் என்று கேட்டால், மெக்கன்சியிடம்தான் போகிறார்கள்.

4 பிப்ரவரி 2023, இரவு 10.05

காலையில் விட்டுப்போனது. எலியட்டின் சிற்பங்கள் 1859-இல் கப்பலேறுவதற்கு முன், சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் அவற்றைப் படமெடுத்தார். லண்டனுக்குப் போனவை 121 கற்கள். போய்ச் சேர்ந்த பின்னும் அவை உரிய மரியாதையின்றிக் கிடந்தன; பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது 1880-இல். எனவே கல் சென்னையில் இருந்த நிலைக்கும் இன்றுள்ள நிலைக்கும் இடையில் எந்த மூக்கு உடைந்தது, எந்த விளிம்பு தேய்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க டிரைப்பின் படங்களைத்தான் நாட வேண்டும்.

அதே டிரைப் அதே 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் தொகுத்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890-இல்தான் வந்தது. அந்த எழுத்துகள் முறையாகப் படித்து அச்சேறுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, அவற்றைப் படிக்கத் தெரியாத ஒருவர், வரி பிசகாமல் அவற்றைக் காகிதத்தில் பிடித்துவிட்டார். படம் எடுப்பவருக்குப் பொருள் விளங்கியிருக்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சுருளை நினைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

6 பிப்ரவரி 2023, இரவு 8.30

"பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை சரி, எங்கள் ஊர்ப் பெட்டியில் என்ன இருக்கப்போகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் கையில் உள்ள பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் 1970-களில் சிறிய அளவில் ஓர் அகழாய்வு நடந்தது. நடத்தியவர் காலமான பிறகு அவருடைய குடும்பத்தார் வீட்டிலிருந்த இரண்டு தகரப் பெட்டிகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். உள்ளே நான்கு களக்குறிப்பேடுகளும் சதுரக் கட்டத்தாளில் வரைந்த குழிச்சுவர் வரைபடங்களும் எண்பதுக்கு மேற்பட்ட கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும் இருந்தன. அகழாய்வைப் பற்றி அச்சில் வந்தது இரண்டு பக்கச் சிறு குறிப்பு. அதில் ஒரு வாக்கியம்: எழுத்துப் பொறித்த கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று கீழடுக்கில் கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஊரின் தொன்மையைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதியிருக்கிறார்கள்.

பெட்டியில் உள்ள ஒரு நெகட்டிவில் நான்காம் குழியின் சுவர் ஒன்று முழுதாகத் தெரிகிறது. சுவரின் இடது பக்கத்தில் நிறம் மாறிய ஒரு பகுதி, மேலிருந்து கீழாக ஒரு பையைப் போலத் தொங்குகிறது. வெட்டுக் குழி அது; பிற்காலத்தவர் குப்பைக்கோ தானியத்துக்கோ தோண்டி, பின் மூடிப்போனது. சுவரின் முன் இரண்டு மீட்டர் அளவுகோலைப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். கீழே கரும்பலகையில் ஊரின் குறியீடும் குழி எண்ணும் உண்டு, எந்தச் சுவர் என்று இல்லை. பலகை எழுத்து நேராகப் படிப்பதால் படம் இடவலம் மாறி அச்சாகவில்லை என்பது உறுதி.

எந்தச் சுவர் என்பது ஏன் முக்கியம் என்றால், பானையோடு தெற்குச் சுவரிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளிக் கிடைத்ததாகக் குறிப்பேடு சொல்கிறது. வெட்டுக் குழி அந்தச் சுவரில் இருந்தால், ஓடு கீழடுக்கைச் சேராமல் குழியை நிரப்பிய பிற்கால மண்ணைச் சேர்ந்ததாக இருக்கலாம். சுவரில் நல்ல வெயில் விழுந்திருக்கிறது. நம் பக்கத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வெயில் படுவது தெற்கு நோக்கிய வடசுவரில்தான். ஆகவே படத்தில் இருப்பது வடசுவர். வெட்டுக் குழிக்கும் பானையோட்டுக்கும் தொடர்பில்லை. சிறு குறிப்பில் உள்ள வாக்கியம் நிற்கும். இவ்வளவையும் ஒரே ஒரு நெகட்டிவை வைத்துச் சொல்ல முடிகிறது.

7 பிப்ரவரி 2023, காலை 7.10

நேற்றைய குறிப்பின் கடைசிப் பத்தி தவறு. அதைப் படித்த அம்மையார் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, எந்த மாதம் எடுத்த படம் அது?"

குறிப்பேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான்காம் குழியில் வேலை நடந்தது மே மாதத்தில். மேட்டூரிலிருந்து ஜூனில் தண்ணீர் திறப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். காவிரிப் பகுதியின் அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். மே நடுவில் சூரியன் உதிப்பது, உச்சிக்கு வருவது, மறைவது எல்லாமே வடக்குப் பக்கமாகத்தான். அப்போது வெயில் படும் சுவர் வடக்கு நோக்கிய தெற்குச் சுவர். தை மாசியில் எடுத்த படமாக இருந்தால் நான் சொன்னது சரி. மே மாதப் படத்துக்கு அது நேர்மாறு.

கட்டத்தாள் வரைபடத்தையும் ஒப்பிட்டேன். தெற்குச் சுவர் என்று தலைப்பிட்ட தாளில், இடது ஓரத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதே பை வடிவம் பென்சிலால் வரையப்பட்டு, உள்ளே "தளர்ந்த சாம்பல் மண்" என்று எழுதியிருக்கிறது. வடசுவர்த் தாளில் அப்படி எதுவும் இல்லை. படம் தெற்குச் சுவர்தான்.

கேள்வி கேட்ட அம்மையாருக்கு நன்றி. என் தவறு அப்படியே மேலே இருக்கட்டும் என்று அதை அழிக்காமல் விடுகிறேன்.

7 பிப்ரவரி 2023, இரவு 11.40

காலையிலிருந்து இதே நினைவு. பானையோடு கிடைத்த ஆழத்தையும் தூரத்தையும் அந்தத் தாளில் குறித்துப் பார்த்தேன். புள்ளி வெட்டுக் குழியின் நேர் எதிரில் விழுகிறது. நாற்பது சென்டிமீட்டரில் அந்தக் குழி சுருங்கி முடிந்திருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். அன்றைய நாளின் குறிப்பில் "ஓட்டைச் சுற்றி மண் தளர்வு" என்று நான்கே சொற்கள் உள்ளன. சுற்றியிருந்த கீழடுக்கைப் பற்றி முந்தின பக்கத்தில் "இறுகிய களிமண், கொத்துக்கு எளிதில் மசியவில்லை" என்று எழுதியவர் அவர்.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். அந்தப் பானையோடு வெட்டுக் குழியை நிரப்பிய மண்ணிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் எழுத்தின் பழமை குறைந்துவிடாது. எழுத்தை எழுத்தின் வடிவத்தை வைத்து ஆராயலாம். ஆனால் "கீழடுக்கில் கிடைத்தது, ஆகவே கீழடுக்கின் காலம்" என்ற வாதம் நிற்காது. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. அந்த ஊரையும் அந்த மனிதரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் தமக்கு எதிராகச் சான்று சொல்லக்கூடிய நான்கு சொற்களை அவரே எழுதி, ஐம்பது ஆண்டு பத்திரமாக வைத்திருந்தார் என்பதைவிட அவருக்குப் பெருமை வேறில்லை.

10 பிப்ரவரி 2023, இரவு 9.00

"அகழாய்வாளரின் முடிவையே அவர் குறிப்பு மறுப்பது எங்கோ ஒரு விதிவிலக்கு" என்ற கருத்துக்குப் பதில். அரிக்கமேட்டைப் பாருங்கள்.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1930-களில் மேற்பரப்பிலிருந்து மணிகளையும் ஓடுகளையும் சேகரித்தார். 1940-களின் தொடக்கத்தில் ஃபோஷேயும் சுர்லோவும் தோண்டினார்கள். 1945-இல் அப்போதைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் வந்தார். மண்ணடுக்குகளைச் சுவரிலேயே சீட்டுக் குத்தி எண்ணிட்டு, ஒவ்வோர் ஓட்டையும் அதன் அடுக்கு எண்ணோடு சேர்த்துப் பதிந்து, அடுத்த ஆண்டே வரைபடங்களோடு அறிக்கையை வெளியிட்டார். இத்தாலியில் செய்த அரிட்டைன் வகை ஓடுகளின் காலம் தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்தவற்றையும் அதே காலத்துக்கு, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி வைத்தார். அரிக்கமேடு ரோமானிய வணிகத்தால் எழுந்த துறை என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது.

1983-இல் தொல்லியலாளர் விமலா பெக்லி அந்த முடிவை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் அப்போது புதிதாக ஒரு கூடை மண்ணும் தோண்டியிருக்கவில்லை. வீலரும், அவருக்குப் பின் 1947 முதல் தோண்டிய கசாலும் பதிந்து வைத்த அடுக்குகளையும் ஓடுகளையும் மீண்டும் ஒப்பிட்டு, அரிட்டைன் ஓடுகளுக்குக் கீழே உள்ள அடுக்குகளிலேயே ரௌலெட்டட் ஓடுகள் (உட்புறத்தில் வளைய வளையமாகச் சிறு புள்ளி அணி பதித்தவை) தொடங்கிவிடுகின்றன, ஆகவே ரோமானியச் சரக்கு வருவதற்கு வெகுமுன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமனோடு சேர்ந்து அங்கே தோண்டினார். அறிக்கை 1996-இலும் 2004-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது.

வீலரின் முடிவு மாறியது; வீலரின் பதிவு மாறவில்லை. அந்தப் பதிவு அவ்வளவு துல்லியமாக இருந்ததால்தான் அவரை மறுக்கவும் முடிந்தது. அவருக்கு முன் தோண்டியவர்களும் அருமையான பொருள்களை எடுத்தார்கள், ஆனால் அவை எந்த அடுக்கிலிருந்து வந்தன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. பதில் இல்லாத பொருளை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது.

11 பிப்ரவரி 2023, மாலை 4.25

ஸ்கேன் செய்துவிட்டு எறிவது பற்றி. முதல் நாள் இதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஸ்கேன் செய்ய வேண்டும், தாமதிக்காமல் செய்ய வேண்டும். ஆனால் ஸ்கேன் செய்பவர் தமக்கு முக்கியம் என்று தோன்றுவதைத்தான் செய்கிறார். என் பெட்டியின் நெகட்டிவ்களுக்கு முதலில் காகித உறைகள் இருந்தன. ஒவ்வோர் உறை மீதும் தேதி, குழி, சுவர் எல்லாம் பென்சிலில் எழுதியிருந்ததாக அவருடைய மகள் சொல்கிறார். இடையில் ஒரு நிறுவனத்துக்கு இரவலாகப் போனபோது, பழுப்பேறிய உறைகள் அசிங்கமாக இருக்கின்றன என்று யாரோ எல்லா நெகட்டிவ்களையும் புதிய பிளாஸ்டிக் உறைகளுக்கு மாற்றி, பழையவற்றைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். மேலே நான் வெயிலை வைத்துத் திசை கண்டுபிடிக்க வேண்டி வந்தது அதனால்தான். ஓர் உறை இருந்திருந்தால் அரை நொடி வேலை.

அந்தப் பிளாஸ்டிக் உறை வேறொரு கேட்டையும் செய்தது. பெட்டியைத் திறந்தவுடன் காடி வாடை முகத்தில் அடித்தது. அசிட்டேட் படச்சுருள் சிதையத் தொடங்கினால் வரும் வாடை அது. வெளியாகும் அமிலம் போக வழியில்லாமல் உறைக்குள் தேங்கினால் சிதைவு இன்னும் விரைவாகும். பதினொரு நெகட்டிவ்கள் ஓரம் சுருண்டு, அடிப்பகுதி சுருங்கியதால் மேற்பூச்சு நரம்பு நரம்பாக மடிந்துவிட்டது. மற்றவற்றை அமிலமற்ற காகித உறைகளுக்கு மாற்றிக் காற்றோட்டமான, குளிர்ந்த இடத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பெட்டியில் கண்ணாடி நெகட்டிவ் இருந்தால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், புத்தகம் போல் செங்குத்தாக நிறுத்துங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சில் மட்டும் போதும். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் வரை தெரியும். எதைத் தொடுவதற்கும் முன், இருக்கும் வரிசையில், உறையோடும் கட்டிய நூலோடும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாள் எந்தத் தாளுக்கு அடியில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான்.

14 பிப்ரவரி 2023, இரவு 8.45

கல்வெட்டு மைப்படிகளையும் இதோடு சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: கட்டாயம் சேர்க்க வேண்டும். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, முரட்டுத் தூரிகையால் ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் தாள் இறங்கும்படி அடித்து, ஈரம் காயும் பதத்தில் மை ஒற்றி எடுப்பது மைப்படி. மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். தாள் கல்லைத் தொட்ட காரணத்தால் அது புகைப்படத்தைவிட நெருக்கமான சான்று. திருப்பணியின்போது மணல் வீச்சால் எழுத்து மழுங்கிப்போன கோயில்களில் இனி அந்தக் கல்வெட்டைப் படிக்க மைப்படியைத் தவிர வேறு வழி இல்லை.

சென்னையிலும் பின்னர் உதகமண்டலத்திலும் இருந்த கல்வெட்டுப் பிரிவு 1966-இல் மைசூருக்குப் போனபோது, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் உடன் போயின. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஆணையிட்டது. மாற்றுவதை நான் வரவேற்கிறேன். ஒரு கவலையும் உண்டு: மடித்த தாள் மடிப்பிலேயே முறியும். லாரியில் ஏற்றும் கை மைப்படி எடுத்த கையைப் போல் பொறுமையாக இருக்க வேண்டும்.

19 பிப்ரவரி 2023, இரவு 10.30

முதல் நாள் நான் எழுதியதில் இன்னொன்றையும் திருத்த வேண்டும். குறிப்பேடும் வரைபடமும் புகைப்படமும் மட்டுமே மிஞ்சுகின்றன என்றேன். கூலிக் கணக்கை மறந்துவிட்டேன். நான்காம் குறிப்பேட்டின் கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை, ஆய்வுக்குத் தொடர்பில்லாதவை என்று நானே ஸ்கேன் செய்யாமல் விட்டிருந்தேன். இன்று திறந்து பார்த்தேன். நாள்வாரியாகப் பெயரும் கூலியும், பெயருக்கு எதிரே கையெழுத்தும் கைநாட்டும். அதற்கு அப்பால் ஒரு சிறு பத்தியில் அன்றன்றைய வேலை: கூடை, கொத்து, சலிப்பு, கோல்.

"கோல்" என்று எழுதிய நாள்கள் எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. தெற்குச் சுவரின் முன்னால் அளவுகோலை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும். படத்தில் அவருக்கு இருபது வயதுக்கு மேல் மதிக்க முடியாது. பானையோடு கிடைத்த நாளில் அந்தப் பெயருக்கு எதிரே "கொத்து" என்று இருக்கிறது. ஓட்டை முதலில் பார்த்ததும், சுற்றிலும் மண் தளர்ந்திருப்பதைக் கையால் உணர்ந்ததும் அவரேதான் போலிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போகிறேன். படத்தை மூன்று பிரதிகள் அச்சிட்டு வைத்திருக்கிறேன். இருந்தால் எழுபது வயதை நெருங்கியிருப்பார்.